பழைய பலதியாவின் கீழே ஒரு டீக்கடை

வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பது. ஷேர் டாக்ஸியிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நாற்காலி. எதிரே இருந்த இரண்டடுக்குக் கட்டிடத்தின் மேல்தளப் பால்கனியில், தெருவைப் பார்த்தபடி அது கிடந்தது. இரும்புக் கால்கள், கிழிந்த ரெக்ஸின் இருக்கை. பால்கனிக்குத் திறக்க வேண்டிய கதவைச் சிமென்ட் கல் வைத்து அடைத்திருந்தார்கள். யாரும் போக முடியாத இடத்தில் யாருக்காக நாற்காலி போட்டார்கள்? அந்தக் கட்டிடத்தைப் பற்றி எனக்கு எழுந்த முதல் கேள்வி அதுதான்.

நான் அந்த ஊருக்குப் போனது மீன் வாங்க. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஷார்ஜாவில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் செய்தி திருத்தும் வேலை. முவைலாவில் ஐந்து பேரோடு ஒரே ரூம், ஒரே சமையல். வெள்ளிக்கிழமைக் குழம்புக்கு மீன் வாங்கி வருவது முறை வைத்து மாறும். மற்றவர்கள் பக்கத்திலேயே வாங்கிவிடுவார்கள். என் முறை வரும்போது நான் வடக்கே ஒரு மணி நேரம் போய், கடற்கரையை ஒட்டிய அந்தச் சிறிய ஊரில் வாங்கி வருவேன். மீன் மலிவு என்று ரூமில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. மலைப் பக்கத்திலிருந்து ஆடுகளும் தேனும் வரும். கடல் பக்கத்திலிருந்து மீன் வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அந்தக் கட்டிடம் நின்றது.

அது பழைய பலதியா. நகராட்சியை அங்கே எல்லோரும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், பலதியா என்றுதான் சொல்வார்கள். நகராட்சி வேறு இடத்துக்குப் போய்ப் பல வருடம் ஆகியும் கட்டிடத்தின் பெயர் மாறவில்லை. கீழ்ச்சுவர் பவளக்கல். மேல்தளம் கான்கிரீட். கடல் மணலில் குழைத்த கான்கிரீட் என்பது பார்த்தாலே தெரிந்தது: உப்பு உள்ளே இருந்த கம்பியைத் தின்று, கம்பி வீங்கி, பூச்சைப் பாளம் பாளமாக வெளியே தள்ளியிருந்தது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுக்காமல் நீள்சதுரமாக இருந்தது. மாடிப்படி இடிந்து விழுந்துவிட்டது. கீழே வரிசையாக இருந்த கடைகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஷட்டர் போட்டிருந்தது.

திறந்திருந்தது ஒரு டீக்கடை. நடத்தியவர் ராமநாதபுரம் கடற்கரைக்காரர். நாற்பது வயது ஆகியிருக்காது. பரோட்டா மாவை வீசிக்கொண்டே பேசுவார். முதல் நாளே நான் நாற்காலியைக் காட்டிக் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுண்ணே. நான் வந்த நாள்லேர்ந்து அங்கதான் கெடக்கு. அவரைக் கேளுங்க, அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது," என்று பெஞ்சில் இருந்தவரைக் காட்டினார்.

அவர் கன்னியாகுமரிக் கடற்கரை மீனவர். அங்கே ஒரு அரபியின் மீன்பிடி லாஞ்சில் வேலை; விசா கொடுத்த கஃபீலும் அந்த அரபிதான். ஐம்பதைத் தாண்டியவர். சாயாவை உறிஞ்சிவிட்டு நிதானமாக என்னைப் பார்த்தார்.

"சாருக்கு என்ன வேல?"

"பத்திரிகையில."

"அப்பம் கட்டடத்தப் பத்தி எழுதும். எங்களப் பத்தி எழுதிராதயும். கஃபீலு படிச்சிட்டு விசாவக் கேன்சல் பண்ணிருவான்."

"உங்க கஃபீலுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?" என்றார் டீக்கடைக்காரர்.

"படம் போட்டா புரியுமில்ல."

பிறகு நாற்காலியின் கதையைச் சொன்னார். கட்டிடம் காலியாகக் கிடந்த காலத்தில் அவரும் ஊர்க்காரர்கள் சிலரும் மேல்தளத்தில் வலை போட்டு வைத்து, அங்கேயே படுத்திருக்கிறார்கள். யாரிடமும் செல்போன் இல்லாத சமயம். எதிர்ச் சாரியில் கார்டு போடும் டெலிபோன் கூண்டு ஒன்று. வெள்ளிக்கிழமை முழுவதும் அதற்கு முன்னால் வரிசை நிற்கும். வெயிலில் போய் நிற்காமல், ஒருவர் பால்கனியில் உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் குறைந்ததும் குரல் கொடுப்பார். மற்றவர்கள் இறங்கி ஓடுவார்கள்.

"அந்தக் கசேரதான் அது. நான் உக்காந்தா சீக்கிரம் வரிசை கொறயும்னு எல்லாரும் என்னையே உக்கார வச்சிருவானுவ. நான் எப்பம் வீட்டுக்குப் பேசுகது?"

கூண்டு அப்போதும் அங்கே இருந்தது. உள்ளே யாரோ காய்கறிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

ஒரு கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் கிடைத்தது எனக்கு ஆசை காட்டிவிட்டது. மீனவர்களுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று அவரைக் கேட்டேன். தெரியாது என்றார். தெருமுனையில் இருந்த பலூச்சித் தையல்காரர், பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்தது, மெஷின் ரிப்பேர் செய்ய நான்தான் போவேன் என்றார். அதற்கு முன்னால்? அவருக்குத் தெரியாது. மளிகைக் கடை மலையாளி, பள்ளிக்கூட டெஸ்க்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள் என்றார். தையலுக்கு முன்பா பின்பா? அப்போது அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தாராம். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் விசா இருந்த வருடங்களுக்கான துண்டுக் கதை மட்டும்தான் இருந்தது. அவை ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் ஆள் இல்லை. அந்த ஊரில் ஒரு கட்டிடத்துக்கு வரலாறு எழுதுவது, ஆளுக்கொரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்ட புத்தகத்தைப் படிப்பது போல இருந்தது.

அலுவலகத்தில் செய்தி ஆசிரியரிடம் சொல்லிப் பார்த்தேன். "இடிந்து விழுந்ததா?" என்றார். இல்லை என்றேன். "விழும்போது வா."

தொடக்கத்தைத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று டீக்கடைக்காரர்தான் சொன்னார். அவர் அந்த ஊர் அரபி. எழுபதுக்கு மேல். தினமும் காலை ஏழரைக்குத் தடியை ஊன்றிக்கொண்டு வருவார். பெஞ்சில் எப்போதும் அதே மூலையில்தான் உட்காருவார். வேறு யாராவது அங்கே இருந்தால் தடியால் பெஞ்சைத் தட்டுவார். பழைய தலைமுறை அரபிகளைப் போல நன்றாக உருது பேசினார். நான் டெல்லியில் கொஞ்ச காலம் இருந்ததால் என்னால் நேராகவே பேச முடிந்தது.

இளைஞராக இருந்தபோது அந்தக் கட்டிடத்தின் ஜெனரேட்டரை ஓட்டியவர் அவர். கட்டியவர்கள் கடலுக்கு அந்தப் பக்கத்து ஈரானிக் கொத்தனார்கள். கீழ்ச்சுவர் முடியப்போகும் சமயத்தில் படகில் சிமென்ட் வந்துவிட்டது. அதனால் மேலே பவளக்கல் வேண்டாம் என்று முடிவானது. நகராட்சி மன்றத்தார் நாற்காலியில் உட்காரவில்லை. மூன்று சுவரையும் ஒட்டித் திண்டு கட்டி, அதில் மெத்தை போட்டு உட்கார்ந்தார்கள். முதல் கூட்டத்தில் பேசியது, சந்தைக்கு வரும் ஆடுகளை எங்கே கட்டுவது என்பது. முடிவு எட்டவில்லை. அடுத்த கூட்டத்திலும் எட்டவில்லை. முடிவானவற்றைப் பால்கனியிலிருந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தெருநாய், குப்பை, அம்மை ஊசி.

"விளக்கு எரிந்தால் ஊரே கீழே வந்து நிற்கும்," என்றார். "கூட்டம் கேட்க இல்லை. விளக்கைப் பார்க்க. நான் நிறுத்தினால் திட்டுவார்கள். மன்றத்தார் போன பிறகும் கொஞ்ச நேரம் ஓட விடுவேன். டீசல் எங்கே போகிறது என்று கேட்டார்கள். மெஷின் குடிக்கிறது என்று சொன்னேன்."

பிறகு தடியை நீட்டி, உள்ளே வடை போட்டுக்கொண்டிருந்த டீக்கடைக்காரரைக் காட்டினார். "அவனைக் கேள். முதல் கூட்டத்துக்கு மேலே சாயா கொண்டுவந்தவன் அவன்தான்."

நான் எழுதுவதை நிறுத்தினேன். கணக்கு எளிது. முதல் கூட்டம், எழுபத்தொன்றில் ஏழு எமிரேட்டுகளும் ஒன்று சேர்வதற்கு முந்திய காலம். டீக்கடைக்காரர் அப்போது பிறந்திருந்தாலும் தவழ்ந்துகொண்டிருப்பார். பத்திரிகையில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, ஒரு சாட்சி உறுதியாகச் சொல்வதில் ஒன்று கண்ணெதிரே பொய்யானால் மீதியையும் சந்தேகி என்பது. பெரியவருக்கு நினைவு கலங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். ஷார்ஜாவுக்குத் திரும்பும் டாக்ஸியில் ஈரானிக் கொத்தனார், ஆடு, டீசல் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

ஆனால் கட்டிடத்தைச் சரிபார்க்க முடியும். என் முறை மறுபடி வந்தபோது டீக்கடைக்காரரிடம் கேட்டு, கடைக்குப் பின்னால் ஏணி வைத்து, ஜன்னல் வழியாக மேல்தளத்துக்குள் போனேன். மீனவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். "விழுந்தா பத்திரிகைல வரும் சாரே, பயப்படாதயும்."

உள்ளே ஒரே கூடம். மூன்று சுவரை ஒட்டியும் திண்டு. சுவர் தோள் உயரம் வரை பச்சை, அதற்கு மேல் வெள்ளை. கூரையில் மின்விசிறிக் கொக்கிகள். ஒரு சுவரில் கறுப்புப் பெயின்டால் கரும்பலகை வரைந்திருந்தது. அதில் சட்டைக் கழுத்தின் படமும் அரபி எண்களும் பாதி அழிந்து தெரிந்தன. அது தையல் வகுப்பு. தரை முழுவதும் டெஸ்க் கால் இழுபட்ட கோடுகள். பலகையின் அடியில், தையல் மெஷின்களைத் தரையில் பொருத்திய துளைகள் அந்தக் கோடுகளின் மேலேயே விழுந்திருந்தன. ஆக டெஸ்க் முன்பு, தையல் பின்பு. மூலையில் வலை மிதவைகள். அடைத்த பால்கனிக் கதவுக்கு மேலே, ஒலிபெருக்கி வயர் போக ஒரு ஓட்டை. பெரியவர் சொன்ன ஒவ்வொன்றும் அங்கே இருந்தது. ஏணியில் இறங்கும்போது பார்த்தேன்: வெளிச்சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில், பவளக்கல் முடிந்து கான்கிரீட் தொடங்கும் கோடுகூட ஒரே மட்டத்தில் இல்லை. நடுவில் ஒரு நாள் சிமென்ட் வந்து வேலையை மாற்றிய மாதிரியே இருந்தது.

எல்லாம் சரி. ஒன்று மட்டும் தவறு. அதுவும் பெரியவர் தினமும் பார்க்கிற ஆளைப் பற்றி. எனக்கு அது கட்டிடத்தைவிடப் பெரிய புதிராகிவிட்டது.

புதிரை அவிழ்த்தது பலதியாவின் நோட்டீஸ். அடுத்த முறை போனபோது எல்லா ஷட்டரிலும் அதை ஒட்டியிருந்தார்கள். கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள். பலதியா அங்கே இயங்கிய காலத்திலேயே கடை வைத்திருந்தவர்களுக்குப் புதிய சந்தையில் கடை. பிறகு வந்தவர்கள் காலி செய்துவிட வேண்டும்.

டீக்கடைக்காரர் அன்று மாவு வீசவில்லை. கடை போனால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் அவருடைய விசாவும் அடுப்படியில் நின்ற உதவியாளின் விசாவும் போகும். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

"நீங்க எப்போ வந்தீங்க?" என்றேன்.

"ஆறு வருஷம் ஆச்சு. ஆனா கடை ஆரம்பத்துலேர்ந்தே எங்களுதுண்ணே. நான் நாலாவது ஆளு."

முதல் ஆள் அவர் உம்மாவின் மாமா. அவர் ஊருக்குத் திரும்பும்போது தன் மருமகனை விட்டுப் போனார். அந்த மருமகன்தான் இவருடைய மாமா. அந்த மாமா, இவருடைய மச்சானை வைத்தார். மச்சானுக்கு முதுகு வலி வந்து இவரைக் கூப்பிட்டார். அவர்கள் ஊரில் கடை கைமாறுவது அப்படித்தான். வெளி ஆளுக்கு விற்க மாட்டார்கள், சொந்தத்தில் இன்னொருவர் வந்து அதே அடுப்பின் முன்னால் நிற்பார். ஒவ்வொரு முறையும் பழைய ஆளின் விசாவையும் லைசென்ஸையும் கேன்சல் செய்து, புது ஆளுக்குப் புதிதாக எடுத்தார்கள். அதனால் பலதியாவின் கணக்கில் இவருடைய கடைக்கு ஆறு வயதுதான்.

"பெரியவர் உங்களையே முதல் ஆள்னு நினைச்சுக்கிட்டிருக்காரு," என்றேன்.

அவர் அன்று முதல் முறையாகச் சிரித்தார். "அவர் எங்க நாலு பேரையும் ஒரே பேருலதான் கூப்பிடுவாரு. மொத ஆளோட பேரு. வந்த புதுசுல, மொதலாளியக் கூப்பிடுற மாதிரி 'அர்பாப்'னு கூப்பிட்டு, என் பேரு அது இல்லன்னு ரெண்டு மூணு தடவ சொல்லிப் பார்த்தேன். காதுலயே வாங்கல. சரின்னு நானும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிட்டேன். இப்ப என் பொண்டாட்டி போன்ல என் பேரச் சொன்னா எனக்குத்தான் சட்டுனு வெளங்க மாட்டேங்குது."

நான் கேள்விக்குறிகளை அன்றே அடித்துவிட்டேன். பெரியவருடைய நினைவில் கோளாறு இல்லை. அவர் நினைவில் வைத்திருந்தது ஆளை இல்லை, அடுப்பின் முன்னால் நிற்கிற இடத்தை.

பழைய கடைக்காரர் என்று சொல்பவர்கள் பலதியாவில் நடக்கும் விசாரணைக்குச் சாட்சி கொண்டுவரலாம் என்று நோட்டீஸில் இருந்தது. பெரியவர் தானாகவே வருகிறேன் என்றார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பெரியவர் போய், இவன்தான் முதல் நாளிலிருந்து இருக்கிறான் என்பார். ஊர்ப் பெரியவர் வாக்கை அதிகாரிகள் தட்ட மாட்டார்கள். டீக்கடைக்காரர் ஆமாம் என்றால் அது பொய். இல்லை என்றால் ஆறு வருடம்தான் மிஞ்சும்.

"மச்சான் போன்ல சொல்றாரு, நீ வாயைத் தொறக்காதே, அவரு சொல்றதச் சொல்லட்டும்னு," என்றார்.

"அதுதாம்லே சரி," என்றார் மீனவர். "பொய்யா சொல்லச் சொன்னோம்? மிண்டாம இருன்னுதான சொல்லுகோம். ஒனக்குச் சாயா போடத் தெரியாட்டாலும் மிண்டாம இருக்கத் தெரியுமில்லா?"

"நீங்க ஆறு வருஷமா அந்தச் சாயாவத்தான குடிக்கிறீங்க."

"வேற கடை எங்க இருக்கு?"

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் கூட வரச் சொன்னார் டீக்கடைக்காரர். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். புதிய பலதியா கண்ணாடியும் பளிங்குமாக ஊருக்கு வெளியே இருந்தது. அறையில் முப்பது வயது மதிக்கத்தக்க உள்ளூர் அதிகாரி. பக்கத்தில் ஒரு சூடானி எழுத்தர், எங்களுக்காக அரபியை இங்கிலீஷில் சொன்னார். பெரியவர் நுழைந்ததும் அதிகாரி எழுந்து நின்று அவருடைய மூக்கில் தன் மூக்கைத் தொட்டு வணங்கி, தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார். இருவருக்கும் சின்னக் கோப்பைகளில் காவா என்கிற அரபிக் காபி வந்தது. காரியம் பேச அரை மணி ஆனது.

பெரியவர் சொன்னது எதிர்பார்த்ததுதான். பலதியா திறந்த நாளிலிருந்து இவன் அங்கே இருக்கிறான். மேலே சாயா கொண்டுவருவான். நான் ஜெனரேட்டரை நிறுத்திய பிறகுதான் இவனும் அடுப்பை அணைப்பான்.

அதிகாரி டீக்கடைக்காரரின் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "இவர் சொல்வது நீங்கள்தானா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

டீக்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல சார். அது எங்க உம்மாவோட மாமா. நான் நாலாவது," என்று தமிழில் சொல்லிவிட்டு, அரபியில் தானே மறுபடி சொன்னார்.

எழுத்தர் பேனாவை மூடினார். அதிகாரி பெரியவரிடம் திரும்பி, மரியாதையாகத்தான், மாமா, நீங்கள் வேறு ஆளோடு குழப்பிக்கொண்டீர்கள் போல என்றார்.

பெரியவர் தடியால் பளிங்குத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். அதன் பிறகு அவர் பேசியதை எழுத்தர் தாழ்ந்த குரலில், கொஞ்சம் தயங்கித் தயங்கி எங்களுக்குச் சொன்னார்.

"இவனுக்கு முன்னால் இருந்தவன் முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பான். அதற்கு முன்னால் இருந்தவன் குட்டை. எனக்குத் தெரியாதா? உன்னை நான் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்?"

அதிகாரி தன் பெயரைச் சொன்னார்.

"அது யாருடைய பெயர்?"

"என் தாத்தாவின் பெயர்."

"மேலே திண்டில் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகளைப் பற்றிச் சண்டை போட்டது அவன். அவன் கட்டிய வீட்டில் இன்று நீ இருக்கிறாய். அதை யாராவது நேற்று வந்தவன் வீடு என்று சொன்னார்களா?"

அதிகாரி காவாக் கோப்பையை ஆட்டி, போதும் என்று காட்டினார். எழுத்தரிடம் ஏதோ சொன்னார். எழுத்தர் பேனாவைத் திறந்தார். வெளியே வந்து காரில் ஏறும்போது, பெரியவர் டீக்கடைக்காரரை வழக்கமான பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தடியைப் பிடிக்கச் சொன்னார்.

கட்டிடத்தை இடிக்க ஒரு பகல்தான் ஆனது. கான்கிரீட் சுலபமாக விழுந்ததாகவும் பவளக்கல்லுக்குத்தான் நேரம் பிடித்ததாகவும் மீனவர் சொன்னார். என் பத்திரிகையில் நான்கு வரிகள் வந்தன, படம் இல்லாமல்.

புதிய சந்தையில் டீக்கடைக்காரருக்குக் கடை கொடுத்தார்கள். கண்ணாடிக் கதவும் ஏசியும் இருந்தன. அந்த வரிசைக் கடைகளுக்குத் தண்ணீர் இணைப்பு கிடையாது, அடுப்பு வைக்க அனுமதியும் கிடையாது. அவர் அங்கே ரப்பர் செருப்பும் கைக்கடிகாரமும் விற்றார்.